மறுகா

அசற்றிக் அமிலமும் எதனோலும்
ஒரே தொட்டியில் கொதித்தால் எசுத்தர் வரும், தண்ணீர் வரும்.
மூன்றில் இரண்டு பங்கு வரை வரும்.
அதற்கப்பால் விடிய விடியக் காய்ச்சினாலும்
மாதிரிப் போத்தல் அதே இலக்கத்தைத்தான் சொல்லும்.

கறுத்தப்பாலத்துக்கு அங்கால இருக்கிற எங்கள் தொழிற்சாலையில்
எட்டு வருசம் அந்த இலக்கத்தைப்
பதிவேட்டில் எழுதியவன் நான்.
தாக்கம் களைத்துப் படுத்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

"படுக்கயில்ல அண்ணன்," என்றாள் ஜெனிற்றா,
புதிதாய் வந்த பொறியியலாளர், புளியந்தீவுக்காரி.
"உள்ளுக்க ஓயாத வேலை.
எவ்வளவு எசுத்தர் ஆகுதோ
அவ்வளவும் பக்கத்தில நிக்கிற தண்ணியோட சேர்ந்து
பழையபடி உடையுது.
ஆகுது, மறுகா உடையுது.
ஆகுது,
மறுகா."

சமன்பாட்டின் நடுவே எதிரெதிராய்க் கிடக்கும்
அந்த இரண்டு அம்புகளுக்கும்
எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்திருக்கிறது.

தொட்டிக்குப் பின்னால் நான்கு கோபுரங்கள்.
ஆகாததைப் பிரிக்க ஒன்று, தண்ணீரை விரட்ட ஒன்று.
(மற்ற இரண்டும் எதற்கென்று கேட்டால்
முகாமையாளருக்கே வியர்க்கும்.)
பிரித்ததைக் கொண்டுபோய்த் திரும்பவும் தொட்டிக்குள் ஊற்றுவோம்.
கொதிகலனுக்கு நாளொன்றுக்கு ஏழு லொறி உமி.
ஏறாவூர்க் கயூம்
நாலாம் கோபுரத்து வால்வைத் திருகித் திருகி
உள்ளங்கையில் அதன் பல் பதிந்துபோனவன்.

மாரி இறங்கிய கிழமை அவள் வரைபடத்தை விரித்தாள்.
வெளியே வாவி ஏறி, படுவான்கரை வயல்கள் தாண்டு கிடந்தன.
முகத்துவாரத்தை வெட்டு என்று கமக்காரர்,
வெட்டாதே, இறால் போய்விடும் என்று வாவி மீனவர்,
கச்சேரியில் இரண்டு நாளாய் வாக்குவாதம்.
மூன்றாம் நாள் மண்மேட்டை வெட்டினார்கள்.

"வாவித் தண்ணிய ஆராவது தள்ளினதா?"
என்று கேட்டுவிட்டு
பென்சிலால் ஒரே ஒரு கோபுரம் போட்டாள்.
தொட்டி இல்லை.
தாக்கமும் வடிப்பும் ஒரே வயிற்றுக்குள்.
நடுப்பகுதியில் கம்பிவலைப் பைகள்,
பைக்குள் கடுகளவு பிசின் மணிகள், அவைதான் ஊக்கி.
அமிலம் மேலிருந்து இறங்கும்,
எதனோல் கீழிருந்து ஏறும்,
மணிகளுக்கிடையில் சந்திக்கும்.
எசுத்தர் பிறந்த கையோடு ஆவியாகி மேலே போய்விடும்.
திரும்பி உடைய அதற்கு நேரமில்லை.

கட்டி முடிக்க அடுத்த மாரி வந்துவிட்டது.

ஓட்டிய முதல் இரவு ஒன்றுமில்லை.
இரண்டாம் இரவு நான் நீராவியைக் கூட்டினேன்,
கூட்டினால் கூட வரும் என்ற பழைய புத்தி.
அமுக்கமானியின் முள் எகிறியது.
இறங்கவேண்டிய திரவம் ஆவியில் தொங்கி நின்று
பை பையாய் நிரம்பியது.
"கோபுரத்துக்குள்ளயும் வெள்ளம்!" என்று கத்தினான் கயூம்.

மூன்றாம் இரவு அவள் நெருப்பைக் குறைக்கச் சொன்னாள்.
குறைத்து, காத்திருந்து, இன்னும் குறைத்து.
மூன்றரை மணிக்கு உச்சியில் எழுபது பாகை, நகராமல்.
பிரிகலத்தின் கண்ணாடியில் மயிரிழையாய் ஒரு கோடு:
மேலே எசுத்தர், கீழே தண்ணீர்.
யாரோ நகப்பூச்சுப் போத்தலைத் திறந்ததுபோல்
அறையெல்லாம் மணம்.
கயூம்தான் முதலில் சிரித்தான்.

பதிவேட்டில் என் கை பழக்கத்தில் அறுபத்தாறு என்று எழுதியது.
வெட்டிவிட்டு,
தொண்ணூற்றேழு.

இப்போது உமி மூன்று லொறி.
நாலாம் கோபுரத்தின் குழாய்களுக்குத் தகடு அடைத்தாயிற்று.
அடுத்த மாதத்து வேலைநேர அட்டவணையில்
பன்னிரண்டு பெயர் இருந்த இடத்தில் ஏழு.
கயூம் அதை இரண்டுதரம் மேலிருந்து கீழாக வாசித்தான்,
ஒருதரம் கீழிருந்து மேலாக.
ஜெனிற்றா பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.
தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்து,
என்னிடமா அவளிடமா என்று தெரியாமல்
கேட்டான்:

"மறுகா?"